வழி கேட்காத டிரைவர்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டி ஓட்டும் வேகத்துக்கு வைத்த பெயர் அது. சைக்கிளில் போகிறவர்கள்கூட அவரை முந்திவிட்டு, திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

"உங்க வண்டியில ஏறினா போய்ச் சேர்றதுக்குள்ள தாடி வளர்ந்துடும் அண்ணே" என்பார் தெருமுனை டீக்கடைக்காரர்.

"என் வண்டியில வர்றவங்களுக்கு அவசரமே கிடையாதுப்பா" என்பார் இவர்.

புதிதாகக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் ஓட்டுவது என்ன வண்டி என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நிற்கும் வெள்ளை வேன்தான் அவருடையது. ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. வேனின் பின்பக்கம் குளிர்பெட்டி. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட். இறந்தவருக்கு மிகவும் வேண்டிய யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து வருவார். மற்ற உறவினர்கள் வீட்டைத் தயார் செய்ய முன்னாலேயே கிளம்பிப் போயிருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நிதானம் ஒரு மரச்சாமான் கடையில் டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் வழி தேடுவது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. சோபா வாங்கியவர் வாசலுக்கே வந்து நிற்பார். "லெஃப்ட்ல திரும்புங்க, பச்சை கேட், அந்த நாய் கடிக்காது, பயப்படாதீங்க" என்று போனிலேயே ஓட்டிக்கொண்டு வருவார். கட்டில் வரப்போகிற வீட்டில் எல்லோருக்கும் ஒரு குஷி இருக்கும். வழி சொல்வதும் அந்தக் குஷியில் சேர்த்திதான்.

அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை கவுண்டரில் வேலை பார்த்தார். அங்கே ஒரு டிரைவர் வேலை காலியாக இருப்பதாக வந்து சொன்னவர் அவர்தான். என்ன வண்டி என்பதை முதலில் சொல்லவில்லை. சம்பளத்தைச் சொன்னார், விடுமுறையைச் சொன்னார், கடைசியில் தட்டில் கறியை வைத்துக்கொண்டே இதையும் சொல்லிவிட்டார்.

"சோபாவும் பேசாது, இவங்களும் பேச மாட்டாங்க. உங்களுக்கு ஒத்துப்போகும்" என்றார்.

அவருக்கு அப்படித்தான் பேச வரும். நாள் முழுக்கப் பயந்துபோன முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பவர், வீட்டுக்கு வந்தால் எதையும் கொஞ்சம் விளையாட்டாகத்தான் சொல்வார்.

முதல் பயணம் மலைப்பக்கமாக அமைந்தது. இறந்தவர் ஐம்பது தாண்டியவர். முன் சீட்டில் அவருடைய மனைவி. மெலிந்த உருவம், மடியில் ஒரு துணிப்பை, அதில் ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய பிளாஸ்க்கும் டம்ளரும். நிதானம் முகவரியைப் போனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மேப் ஒழுங்காகத்தான் வழி காட்டிக்கொண்டு வந்தது. மலை ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, வெறும் வெள்ளையாகிவிட்டது. எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். டெலிவரி வண்டிப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"அம்மா, இதுல எந்தப் பக்கம் போகணும்?"

அந்தப் பெண் இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத் தெரியலையேங்க. நான் பேசிக்கிட்டே வருவேன், ரோட்டைப் பார்த்ததே இல்ல. அவருக்குத்தான் வழி தெரியும்."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி, பின்பக்கக் கண்ணாடிச் சதுரத்தின் வழியாகக் குளிர்பெட்டியைப் பார்த்தார்.

நிதானம் இடதுபுறம் திரும்பினார். அது தப்பான வழி. ஒரு மரக்கிடங்கில் போய் முடிந்தது. திரும்பி வர இடமில்லாமல், பள்ளத்தின் ஓரத்தில் வேனை முன்னும் பின்னுமாக நகர்த்தித் திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் பெட்டி லேசாக ஆடியது. அந்தப் பெண் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "நான் கவனிச்சு வெச்சிருக்கணும், மன்னிச்சுக்கங்க, இத்தனை வருஷம் வந்திருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். வீடு போய்ச் சேரும் வரை அது நிற்கவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பியவர் சாப்பிட உட்காரவில்லை. சாவியை மேஜையில் வைத்தார்.

"இந்த வேலை எனக்கு ஒத்துவராதும்மா."

நடந்ததை எல்லாம் மனைவி கேட்டார். கேட்டு முடித்தபின், "வேலை ஒத்துவரலையா, மேப் ஒத்துவரலையா?" என்றார்.

"ரெண்டும்தான்."

"மேப்புக்கு வழி இருக்கு. போனைக் கொடுங்க."

மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு அன்றுதான் தெரியும். மனைவி சாப்பாட்டு மேஜையிலேயே காட்டினார். போக வேண்டிய ஊரைத் தேடி, இந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு நீலக் கட்டம் வரும். இரண்டு விரலால் இழுத்து அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். கட்டத்துக்குள் இருக்கிற தெரு, சந்து, பாலம் எல்லாம் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் சிக்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

"டவரே இல்லைன்னா நான் எங்க இருக்கேன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"இது டவரைப் பார்க்கிறதில்ல. மேல சாட்டிலைட்டைப் பார்க்குது. அந்த நீலப் புள்ளி நீங்கதான். நீங்க போகப் போக அதுவும் கூடவே வரும்."

"அப்போ எந்தக் காட்டுக்குள்ள போனாலும் கண்டுபிடிச்சிடலாம்னு சொல்லு."

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு நான் நடந்தே வந்து கண்டுபிடிச்சிடுவேன்."

அவர் சிரித்தார். சாவியைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அது ஒரு ஒழுங்காகவே ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் காகித வேலைகள் நடந்துகொண்டிருக்கும்போது அவர் கேன்டீன் மூலையில், வைஃபை நன்றாகக் கிடைக்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பார். முகவரியை இறந்தவரின் மனைவியிடமோ மகனிடமோ கேட்க மாட்டார். வராந்தாவில் தூணில் சாய்ந்து நிற்கும் ஒரு ஒன்றுவிட்ட தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ தேடிப் பிடித்துக் கேட்பார். வீட்டு வாசல் வரை வேன் போகுமா, போனால் திருப்ப இடம் இருக்குமா, மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா என்பது வரை கேட்டு வைத்துக்கொள்வார். பிறகு கட்டத்தை இழுத்து, மேப்பை இறக்கி, டீ ஆறும் வரை அந்த வழியை விரலாலேயே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். கிளம்பிய பிறகு முன் சீட்டில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

ஒரு தடவை இந்த ஒழுங்கும் அவர் காலை வாரிவிட்டது. போனில் ஒரு பெண் குரல் வழி சொல்லிக்கொண்டு வருமல்லவா, அதை அவர் நிறுத்தி வைக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் கூட்டம் கூடி நிற்கிறது. வேன் நின்று, இன்ஜின் அடங்கி, ஒரு நொடி யாரும் மூச்சுக்கூட விடவில்லை. அந்த நேரம் பார்த்து, "நீங்கள் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றது போன், இனிமையாக. கதவைத் திறக்க வந்தவர் கை அப்படியே நின்றது. நிதானத்துக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அன்றைக்கே குரலை நிறுத்தியவர், பிறகு அதைத் திறக்கவே இல்லை.

மற்றபடி அவருக்கு இதில் ஒரு பெருமை வந்துவிட்டது. "நான் வழி கேட்கிறதில்ல" என்பார். மற்ற டிரைவர்களிடம் சொல்வார், என்னிடம் மாடிப்படியில் நின்று சொல்வார். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது, அவர்களை விட்டுவிட வேண்டும், அதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன் நிறைந்துகொண்டே போனது. போய்வந்த ஊர்களின் மேப்பை எல்லாம் அவர் அழிக்காமல் வைத்திருந்தார். ஒருநாள் மனைவி தன் தங்கை அனுப்பிய கல்யாண வீடியோவைப் பார்க்கப் போனால், போனில் இடமே இல்லை.

"இத்தனை ஊரையும் எதுக்குச் சுமந்துக்கிட்டுத் திரியறீங்க? ரெண்டை அழிச்சா என்ன?"

"அந்தப் பக்கம் மறுபடி போக வேண்டி வந்தா?"

"வரக் கூடாதுன்னு நினைங்களேன், புண்ணியமாப் போகும்."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட பழைய படங்கள் சிலவற்றை அழித்து இடம் செய்தார். மனைவிக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் படங்கள் எல்லாம் தங்கையின் போனில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் சமாதானம் ஆனது.

இப்படி இருக்கையில்தான் அந்த ரொட்டிக்கடைக்காரர் வந்தார்.

மழைக்காலம். காலை நேரம். இறந்தவர் நாற்பதை நெருங்குகிற ஆள், சில வாரங்களாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய அண்ணன். ஊரில் இருவரும் சேர்ந்து ஒரு பேக்கரி நடத்தினார்கள். அண்ணன் நல்ல ஆகிருதி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துத்தான் அவரை வேனில் ஏற்ற முடிந்தது. உட்கார வைத்ததும் அப்படியே உட்கார்ந்திருந்தார். நிதானம்தான் குனிந்து அவருக்கு சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டார். சட்டையின் கைமடிப்பில் மாவு வெள்ளையாகப் படிந்து காய்ந்திருப்பதை அப்போது பார்த்தார். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த சட்டை.

உறவினர்கள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். வேனில் இவர்கள் இருவரும்தான், பின்னால் தம்பியும்.

மூன்று மணி நேரம் அந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மடியில் வைத்து, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. சிக்னல் போனது, அதைப் பற்றி நிதானத்துக்குக் கவலை இல்லை. மேப் போனுக்குள் இருந்தது. நீலப் புள்ளி அதன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் பக்கத்தில் வந்தாகிவிட்டது. ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டின் குறுக்கே இரண்டு தார் டிரம்களும் ஒரு சிவப்புத் துணியும் இருந்தன. மழைக்கோட்டு போட்ட ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு இறங்கிடுச்சு. வண்டி போகாது. வந்த வழியா கொஞ்சம் போய், இடது பக்கம் சுத்திப் போங்க."

வேனுக்குள் பார்த்தவர், என்ன வண்டி என்று புரிந்துகொண்டு, தலையில் இருந்த தொப்பியை எடுத்துவிட்டார். மழை அவர் தலையில் விழுந்தது.

நிதானம் திரும்பி, இடதுபுறச் சாலையில் ஏறினார். கொஞ்ச தூரம் மேப் கூடவே வந்தது. அப்புறம் திரையில் தெருக்கள் எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியது போல ஒரே நேர்கோட்டில் முடிந்துபோயின. அவர் இழுத்து வைத்த கட்டம் அவ்வளவுதான். அதற்கு அப்பால் சாம்பல் நிறம். பெயர் இல்லை, சந்து இல்லை. அந்தச் சாம்பலில் நீலப் புள்ளி மட்டும் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. கேன்டீனில் விரலை இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் போதும். போனில் இடம் குறைவாக இருக்கிறதே என்று கட்டத்தைச் சின்னதாக வைத்திருந்தார்.

முதல் பிரிவில் ஏதோ ஒரு தைரியத்தில் வலதுபுறம் போனார். இரண்டாவது பிரிவில் மூன்று பாதைகள். கேட்க ஓர் ஆள் இல்லை. மழை வேறு. வண்டியை நிறுத்தினார். அந்த மலைப்பாதையும், "அவருக்குத்தான் வழி தெரியும்" என்று பின்னால் திரும்பிப் பார்த்த முகமும் ஞாபகத்துக்கு வந்தன. திரும்பிப் போய் மழைக்கோட்டுக்காரரையே கேட்டுவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. என் மேப்புல இந்த இடம் இல்ல. எந்தப் பக்கம் போகணும்?"

அந்த அண்ணன் தலையைத் தூக்கினார். தூங்கி எழுந்தவர் போல விழித்தார்.

"என்ன கேட்டீங்க?"

"வழிங்க. பாலத்துக்கிட்ட மண்ணு சரிஞ்சிருக்கு, சுத்தி வந்துட்டோம்."

அவர் கண்ணாடியின் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். சீட் பெல்ட் இழுத்துப் பிடிக்க, முன்னால் எட்டிப் பார்த்தார்.

"இது கல்குவாரி ரோடாச்சே. இங்க எப்படி வந்தோம்?" அவர் குரலை நிதானம் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். "நடுவுல இருக்கிற ரோட்டைப் பிடிங்க. பார்க்க மோசமா இருக்கும், ஆனா அதுதான்."

நடு ரோட்டில் போனார்கள்.

"இனிமே ஒரு இறக்கம் வரும். செகண்ட் கியர்லயே போங்க. அப்புறம் வலது பக்கம் ஒரு மோட்டார் ரூம், அதைத் தாண்டினதும் லெஃப்ட்."

இறக்கம் வந்தது. மோட்டார் ரூம் வந்தது. அவர் இப்போது கையை மடியிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு கை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தது, இன்னொரு கை வழி காட்டியது.

"நாங்க கடை ஆரம்பிச்ச புதுசுல இந்த ரோடுதாங்க எங்களுக்கு எல்லாம். ஒரே ஸ்கூட்டர். நான் ஓட்டுவேன், அவன் ரொட்டி ட்ரேயைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால உக்காருவான். குவாரியில எல்லாருக்கும் காலையில ரொட்டி போட்டாகணும். லேட்டானா திட்டுவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த வளைவுல மெதுவாப் போங்க. மண்ணு வழுக்கும். அங்கதான் விழுந்தோம்."

"ரெண்டு பேருமாங்க?"

"ரெண்டு பேரும்தான். எனக்கு முழங்கை போச்சு. அவன் எழுந்திரிச்சு என்னைப் பார்க்கலை. ட்ரேயைப் பார்க்கிறான். 'அண்ணே, நாலுதான் நசுங்கிச்சு, மத்தது விக்கலாம்'ங்கறான். நான் ரோட்டுல கிடக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்காமல் எங்கேயோ போய், அழுகையாக மாறியது. பெரிய உடம்பு மொத்தமும் குலுங்கியது. நிதானம் வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

"கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

வளைவில் நிறுத்தினார். அந்த அண்ணன் தானே பெல்ட்டைக் கழற்றி, தானே இறங்கி, மழையில் வேனைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நிதானம் கதவைத் திறந்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஆனாலும் காதில் விழுந்தது.

"டேய், குவாரி ரோட்டுல வந்துட்டோம்டா. வீட்டுக்குத்தான் போறோம்."

அப்புறம் ஊர் வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். எந்த வீட்டில் எத்தனை ரொட்டி வாங்குவார்கள், யார் எப்போதும் நேற்றைய ரொட்டி என்று சண்டை போடுவார், தம்பிக்கு எந்த வீட்டில் பெண் பார்த்து நின்றுபோனது என்று எல்லாம். நடுநடுவே லெஃப்ட், ரைட். வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. அவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர் அதற்குள் இறங்கிவிட்டார்.

"அந்த சைக்கிளை எடுங்கப்பா. வண்டி ரிவர்ஸ்ல வரணும். நீங்க வாங்க, வாங்க, இன்னும் வாங்க... போதும்" என்று கையைக் காட்டி வேனைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டார்.

எல்லாம் இறக்கி முடித்து நிதானம் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார். "திரும்பிப் போறப்போ மோட்டார் ரூம்கிட்ட மறந்துடாதீங்க, ரைட்டு" என்றார்.

அன்று மாலை நிதானம் இதை மனைவியிடம் சொன்னார். வழி கேட்டுவிட்டோமே என்ற உறுத்தலில்தான் ஆரம்பித்தார். சொல்லிக்கொண்டே வரும்போது அவருக்கே அது வேறு மாதிரித் தெரிந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "எங்க கவுண்டர்ல தினமும் பார்க்கிறேன். ஒரே ஆள் ஒரே வழியை மூணு தடவை வந்து கேட்பார். லிஃப்ட் எதிரேயே இருக்கும். கண்ணு தெரியாமலா? மேல போகப் பயம். போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கொஞ்சம் பேசணும். அதுக்கு வழி கேட்கிறது ஒரு சாக்கு."

"இவர் கேட்கலையே. நான்தானே கேட்டேன்."

"அதேதான், திருப்பிப் போட்டது. இத்தனை வாரமா எல்லாரும் அவரை 'நீங்க உக்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்'னு சொல்லியிருப்பாங்க. நீங்கதான் ஒரு வேலை கொடுத்திருக்கீங்க."

அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப்போனது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது. அடுத்து கிடைத்த பயணத்திலேயே அதைச் செய்து பார்த்தார். முன் சீட்டில் ஓர் இளம்பெண், அப்பாவைக் கொண்டு போகிறாள். மேப் போனில் இருக்கிறது, வழி இவருக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் ஒரு முனையில் வண்டியை மெதுவாக்கி, "எந்தப் பக்கம்மா?" என்றார்.

அவள் சட்டென்று திரும்பினாள். "உங்களுக்கு எல்லா வழியும் தெரியும்னுதானே எங்க மாமா சொன்னார்? தெரியாம எதுக்கு வண்டியை எடுத்தீங்க? எங்க அப்பாவைப் பின்னால வெச்சுக்கிட்டு நான் உங்களுக்கு வழி சொல்லணுமா?"

அவருக்குக் காது சூடாகிவிட்டது. "தெரியும்மா. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, சரியான பக்கம் திரும்பினார். மீதி தூரம் முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அவள் கோபப்பட்டது நியாயம்தான் என்று அவர் என்னிடம் சொன்னார். ரொட்டிக்கடைக்காரரிடம் நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டார், இவளிடம் நடித்தார். செத்துப்போனவரைப் பின்னால் வைத்துக்கொண்டு பொய்யா என்று அவருக்கு ஆறவே இல்லை.

"எல்லாருக்கும் ஒரே மாத்திரையா கொடுப்பாங்க ஆஸ்பத்திரியில?" என்றார் மனைவி.

அதற்குப் பிறகு தெரிந்த வழியைத் தெரியாது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. மேப்பை இறக்குவதையும் விடவில்லை. கட்டத்தை முன்பைவிடப் பெரிதாக இழுத்தார். அதற்காகப் பழைய ஊர்களை ஒவ்வொன்றாக அழிக்கவும் பழகிக்கொண்டார். ஆனால் "நான் கேட்கிறதில்ல" என்ற அந்தப் பெருமைப் பேச்சு நின்றுபோனது. முன் சீட்டில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினார். மடியையே பார்க்கிறவராகவோ கண்ணை மூடிக்கொண்டவராகவோ இருந்தால், அவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். சிலர் ஊர் நெருங்க நெருங்க ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். ஒரு மரத்தையோ பள்ளிக்கூடச் சுவரையோ கண்டால் தலை கொஞ்சம் திரும்பும். அப்போது, "இந்த ஸ்கூல்லதான் படிச்சாருங்களா?" என்பது போல ஒன்று கேட்பார். பதில் வந்தால் கேட்டுக்கொள்வார், வராவிட்டால் விட்டுவிடுவார். வந்த பதில்களில் ஒன்றைக்கூட அவர் எங்களிடம் சொன்னதில்லை. இப்படி மனம்விட்டுப் பேசியவர்களில் ரொட்டிக்கடைக்காரர் கதை மட்டும்தான் வெளியே வந்தது, அதுவும் கேட்டதைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவர் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நடந்ததால்.

சில வருஷங்கள் இப்படி ஓட்டினார். பிறகு இடுப்பு வலி வந்தது. பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுக்க முடியாத டிரைவர் அந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார் என்று தானே சொல்லி விலகிக்கொண்டார். இப்போது ஒரு சலவை நிலையத்தின் வண்டியை ஓட்டுகிறார். ஹோட்டல்களுக்கு விரிப்பும் துண்டும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஊருக்குள்ளேயே சுற்றுவதால் மேப் தேவைப்படுவதில்லை.

அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் கொஞ்ச நாள் சும்மா இருந்தார். மனைவி லீவு போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் மட்டும் எங்கேயாவது போவது என்று முடிவானது. மனைவி கடல் என்றார். என் மச்சானின் பழைய காரை நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கிளம்புவதற்கு முன்னால் அவர் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, கட்டத்தை இழுத்து, மேப்பை இறக்கிக்கொண்டார். கடற்கரை ஊர், அதற்குப் போகும் வழி, போனால் போகட்டும் என்று பாதிக் கடலையும் சேர்த்து.

"கடல்ல எதுக்குங்க மேப்? மீனுக்கு வழி சொல்லவா?" என்றார் மனைவி, காரில் ஏறிக்கொண்டே.

திரும்பி வந்தபின் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. ஒன்றைத்தான் சொன்னார். ஊரைத் தாண்டியதும் மனைவி தூங்கிவிட்டார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் தன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த யாரும் அப்படித் தூங்கி அவர் பார்த்ததில்லை. வண்டியை இன்னும் மெதுவாக்கினாராம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனார்களாம். திரையில் நீலப் புள்ளி ரோட்டின் கடைசி வளைவுக்கு வந்தது. எதிரே கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்.

காரை நிறுத்தி, எழுப்பலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். பிறகு தோளில் மெதுவாகத் தட்டினார்.

"எழுந்திரும்மா. கடல்."